இருபத்து நான்கு புள்ளிகள்

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு செலோ டேப் துண்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு படம் இருந்தது. நான் வரைந்தது. சரியாகச் சொன்னால், நான் சொல்லிக் கணினி வரைந்தது. படத்தைக் கிழித்து இரண்டு வருடமாகிறது. அந்தச் சுவரைப் பார்க்கக் கூடாதென்று நான் மூன்று மாடியும் படியேறித்தான் போகிறேன். முழங்கால் வலிக்கு நல்லது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முழங்கால் வலி உள்ளவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான் என்பது அவளுக்கும் தெரியும்.

நான் புள்ளியியல் வாத்தியார். முப்பது வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒரு தப்பை யாராவது செய்தால் அது ஏன் தப்பு என்று மூன்று விதமாக விளக்கத் தெரியும். நானே செய்த தப்பை எப்படிச் சொல்வதென்று மட்டும் இந்த இரண்டு வருடத்தில் பிடிபடவில்லை. மனைவி, எழுதிப் பாருங்கோ என்றாள். எழுதுகிறேன்.

எங்கள் வீடு அடையாறில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கிறது. நான்கு மாடி, மாடிக்கு ஆறு வீடு. தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம். அதன் பின்பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, ஒரே ஒரு வீடு. அதை நாங்கள் கீழ் வீடு என்போம். அங்கே ஒரு தையல்கார அம்மாள் வாடகைக்கு இருந்தார். சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், கணவர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். முன்னறையில் இரண்டு மோட்டார் தையல் மிஷின், துணி வெட்டும் மேஜை, பின்னறையில் கட்டிலும் அடுப்பும். எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் எல்லோருக்கும் ரவிக்கை அவரிடம்தான். டெய்லரம்மா என்று கூப்பிடுவோம்.

பல வருடங்களுக்கு முன்னால் ஆறு ஊருக்குள் வந்ததே, அந்தப் பெரிய வெள்ளத்தின்போது முதலில் தண்ணீர் நுழைந்தது அவர் வீட்டில்தான். விடிவதற்குக் கொஞ்சம் முன்பு கணுக்கால் ஈரமாகி எழுந்தவர், தன் சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, நான்கு மாடியும் ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். இருபத்து நான்கு கதவு. அவர் தட்டியதால்தான் எங்கள் கார்கள் தப்பின. நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினேன். திரும்பி வந்து அவருக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருந்தால் நினைவிருக்கும், அப்படிப்பட்ட ஆள் நான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கள் சங்கத்துச் செயலாளர் ஒரு கூட்டம் போடுவார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கோப்பில் போட்டால்தான் தூக்கம் வரும் அவருக்கு. இரண்டு வருடத்துக்கு முந்தைய கூட்டத்தில், மழை வந்தால் யார் யாருக்குப் போன் செய்து சொல்வது என்று ஒரு ஏற்பாடு வேண்டும் என்றார். வாட்ஸப் குழுவில் போட்டால் போதாதா என்று யாரோ கேட்டார்கள். குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே வெள்ளச் செய்தி எவன் கண்ணில் படும் என்று இன்னொருவர் கேட்டார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

அந்தப் பருவம் நான் முதுகலை மாணவர்களுக்கு உறவு வலைகளைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். விஷயம் எளிது. ஒருவரிடம், உனக்கு ஒன்று என்றால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்கிறோம். அவர் இன்னாரை என்கிறார். அது ஒரு ஜோடி: கூப்பிடுகிறவர், கூப்பிடப்படுகிறவர். இப்படி எல்லா ஜோடிகளையும் இரண்டு பத்தியில் எழுதி ஆர் என்கிற மென்பொருளில் கொடுத்தால், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி வைத்து, கூப்பிடுகிறவரிடமிருந்து கூப்பிடப்படுகிறவரை நோக்கி ஒரு அம்பு போட்டுக் கொடுத்துவிடும். நிறைய அம்பு வந்து குத்தும் புள்ளியைப் பெரிதாகக் காட்டச் சொல்லலாம், மாடிக்கு ஒரு நிறம் கொடுக்கலாம். பார்க்க நன்றாக இருக்கும். மாணவர்கள் வாய் பிளப்பார்கள். அந்த வாய் பிளப்பை நம் கட்டடத்திலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், வெள்ளத்தைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

ஒரு படிவம் அடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். மூன்றே கேள்வி. உங்கள் வீட்டு எண். வெள்ளம் வந்தால் எந்த இரண்டு வீடுகளைக் கூப்பிடுவீர்கள். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா. நீங்கள் யாரை எழுதுகிறீர்களோ அவர்கள்தான் ஆபத்து வரும்போது உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று அடியில் குறிப்பும் போட்டேன். நான் செயலாளரையும் இரண்டாம் மாடி டாக்டரையும் எழுதினேன். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு வாரத்தில் எல்லாப் படிவங்களும் வந்துவிட்டன.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும், அதில்தான் என் மானம் போனது. மென்பொருளுக்கு இரண்டு பட்டியல் கொடுக்கலாம். ஒன்று ஜோடிகளின் பட்டியல். மற்றது ஆட்களின் பட்டியல். இரண்டாவதைக் கொடுக்காவிட்டாலும் அது முகம் சுளிக்காமல் வரைந்து கொடுத்துவிடும். ஜோடிகளில் யார் பெயர் வருகிறதோ அவர்களை மட்டும் புள்ளியாக வைக்கும். யாரையும் கூப்பிடாத, யாராலும் கூப்பிடப்படாத ஒரு ஆள் இருந்தால், அந்த ஆள் இருப்பதே அதற்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை வராது, ஒரு சத்தம் வராது.

இதை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன். தனிப்புள்ளிகளை மறக்காதீர்கள், படம் வந்ததும் முதலில் புள்ளிகளை எண்ணுங்கள் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போடுவேன். எண்ணாமல் கொண்டுவந்த ஒரு பெண்ணின் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வெட்டியிருக்கிறேன். அவள் கண்கலங்கினாள், நான் இறங்கி வரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

என் படத்தில் நான் புள்ளிகளை எண்ணவில்லை. என் வீட்டுப் புள்ளிக்கு எத்தனை அம்பு வருகிறது என்று எண்ணினேன். ஐந்து. மூன்றுதான் எதிர்பார்த்திருந்தேன். இரண்டு அதிகம் வந்த சந்தோஷத்தில் காபி கொண்டுவந்த மனைவியிடம் திரையைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அஞ்சு பேரும் என்னை நெனச்சுண்டு எழுதினது. வீட்டு நம்பர்தானே கேட்டிருக்கேள்" என்றாள். அது உண்மையாகத்தான் இருக்கும். இருந்தாலும் புள்ளியின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டேன், எல்லாப் புள்ளிகளோடும் சேர்த்துத்தான்.

பாண்டி பஜார் பக்கம் ஒரு கடையில் வண்ணத்தில் பெரிதாக அச்செடுத்து லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒரு வாரம் கட்டடத்தில் அதே பேச்சு. லிஃப்ட் வந்தும் ஏறாமல் நின்று பார்த்தார்கள். செயலாளருக்குத்தான் அதிக அம்பு. அவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்து மகனுக்கு அனுப்பினார். எதிரெதிர் வீட்டில் இருபது வருடம் இருந்த இரண்டு குடும்பங்களில் ஒருவர் மற்றவரை எழுதியிருந்தார், மற்றவர் எழுதவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. ஜோடியில் போவது ஒரு அம்பு, வருவது ஒரு அம்பு, இரண்டும் ஒன்றல்ல என்று நான் நின்று விளக்கினேன். அப்படி விளக்கியபோது எனக்கிருந்த குரலை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அப்படி ஒரு சாயங்காலம் நான் லிஃப்டுக்காக நிற்கும்போது டெய்லரம்மா வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. படத்தின் முன்னால் நின்று, விரலை மேலும் கீழும் நகர்த்தித் தேடினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நான் எங்க சார் கீறேன் இதுல?"

லிஃப்ட் வந்துவிட்டது. கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னேன்.

"நடுவுல அம்பெல்லாம் நெரிசலா இருக்கு பாருங்க, அதுக்கு அடியில இருப்பீங்க. கண்ணாடி போட்டுண்டு பாருங்கோ."

அவர் சிரித்தார். சரி சார் என்றார். நான் மேலே போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் வெளிறியது. கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் செயலாளரிடமிருந்து போன் வந்தது. ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆறு ஏறும், உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள் என்றார். நான் அச்சடித்து வைத்திருந்த பட்டியலை எடுத்து என்னை எழுதிய ஐந்து வீடுகளையும் கூப்பிட்டேன். ஐந்து பேரும் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் தங்களை எழுதியவர்களைக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் எனக்கு முடிந்தது முடிந்தது என்று செய்தி அனுப்ப, நான் படத்தின் சிறு அச்சு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகச் சிவப்பு மையில் டிக் அடித்தேன். ஒன்றுகூட விடவில்லை. எனக்கு நானே தோளில் தட்டிக்கொள்ளாத குறை.

பிறகு காரை எடுக்கக் கீழே போனேன். கீழ் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. வாட்ச்மேன் ஊருக்குப் போயிருந்தார். பூட்டைப் பார்த்தேன். அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள், மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு காரைக் கிளப்பினேன். என்னோடு ஏழெட்டுக் கார்கள் வரிசையாகப் போய் மேம்பாலத்தில் ஏறின. திரும்பி நடந்து வரும்போது தெருமுனையில் சாக்கடை எதிர்ப்பக்கமாகக் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது.

மேலே வந்ததும் மனைவி கேட்டாள்.

"டெய்லரம்மாவுக்கு யார் சொன்னா? அவா ஆத்துக் கதவு பூட்டியிருக்கே."

எல்லோருக்கும் சொல்லியாச்சு, படத்தில் விட்டுப்போக வழியில்லை என்றேன். நம்பர் இருக்கிறது, நான் ஒரு தரம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள். வேண்டாம், ஆளாளுக்குக் கூப்பிட்டால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை என்று அவளை அடக்கினேன். அடக்கினேன் என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

மூன்று மணிக்குத் தண்ணீர் வாசல் கேட்டைத் தாண்டியது. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நாலரை மணி வாக்கில், தொடை வரை தண்ணீரில், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு ஒரு பெண் கேட்டைப் பிடித்தபடி உள்ளே வந்தார். டெய்லரம்மா. தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு லைனிங் துணியும் லேஸும் வாங்கப் போயிருந்திருக்கிறார். பஸ் நின்றுபோனதால் சைதாப்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். மேல்மாடிப் பையன்கள் இரண்டு பேர் ஓடிப்போய்க் கதவைத் தள்ளித் திறக்க உதவினார்கள். நானும் போனேன். உள்ளே இரண்டு மிஷின்களின் மோட்டாரும் தண்ணீருக்குள் இருந்தன. வெட்டும் மேஜையின் கீழ்த்தட்டில் ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைகள் மூட்டையாக இருந்தன. பதினொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

அவர் மூட்டையை எடுத்துப் பிழிந்தார். அரக்குச் சாயம் தண்ணீரில் இறங்கியது. பிழிய வேண்டாம், பாழாகிவிடும் என்று அவருக்கே தெரியும், இருந்தும் பிழிந்துகொண்டிருந்தார். மணிக்கட்டைப் பிடித்து என் மனைவிதான் நிறுத்தி, எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் மொட்டை மாடியில் ரவிக்கைகள் காய்ந்தன. நான் துணி எடுக்கப் போவது போல மேலே போய்ப் பார்த்தேன். மயில் பச்சையில் அரக்குத் திட்டுகள், தங்க ஜரிகை வேலையில் சேற்று நிறம். கீழே இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் படத்தைத் திறந்து புள்ளிகளை எண்ணினேன். இருபத்து நான்கு. வீடுகள் இருபத்தைந்து. மறுபடி எண்ணினேன். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

படிவங்கள் ஒரு கவரில் இருந்தன. அவருடையதும் இருந்தது. அதையும் என் கையால்தான் வாங்கியிருக்கிறேன். வீட்டு எண்: கீழ் வீடு. யாரைக் கூப்பிடுவீர்கள் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். மூன்றாவது கேள்விக்கு, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பதற்கு, ரவிக்கை அளவு எழுதும் அதே குண்டு குண்டான எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: யாருக்கு என்ன ஆனாலும் என்னைக் கூப்பிடலாம். நான் கீழேதான் இருப்பேன்.

மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்களை நான் கணினியில் ஏற்றவே இல்லை. படிக்கவும் இல்லை. அது சும்மா மரியாதைக்குப் போட்ட கேள்வி. ஜோடி வராத எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. இருபத்து நான்கு வீட்டில் ஒருவரும் அவர் பெயரை எழுதாததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் யாரும் அவரைக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றவர் அவர். என் கேள்வி கேட்டது கூப்பிடுவதைப் பற்றி மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். தரையில் இன்னும் சேறு இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும்தான் கூட்டத்துக்கு வரலாம் என்பது எங்கள் விதி, அதனால் அவர் வரவில்லை. பத்தடி தள்ளி அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ளே யாரோ துடைக்கும் சத்தம் கேட்டது. ஏற்பாடு நன்றாக வேலை செய்தது என்று செயலாளர் எனக்கு நன்றி சொன்னார். சிலர் கைதட்டினார்கள். அப்போது நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள், கீழ் வீட்டுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டாள்.

செயலாளர் எழுந்து போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் இல்லையே என்றார். கொஞ்சம் யோசித்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தம்மா ஃபாரமே கொடுத்திருக்க மாட்டாங்க. இல்ல சார்?"

படிவம் என் சட்டைப் பையில் இருந்தது. நான்காக மடித்து, எடுத்துக் காட்டத்தான் கொண்டுவந்திருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூடப் படியிறங்கும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். இருபது ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. அதில் என் கல்லூரியில் படித்த ஒரு பையனின் அப்பாவும் இருந்தார்.

"இருக்கலாம்" என்றேன்.

ஒரே ஒரு சொல். செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார்: தரைத்தள வீட்டார் படிவம் அளிக்காததால் தகவல் தர இயலவில்லை. அடுத்து தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேனா, இல்லை. யாரும் என்னை அடித்துவிடப் போவதும் இல்லை. இந்த ஆளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று சிரிப்பார்களே, அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். அதற்காக ஒரு பெண்மணியைப் பொறுப்பில்லாதவர் என்று கோப்பில் எழுத விட்டேன்.

மனைவியிடம் அன்றே சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் எழுந்துபோய் ரசத்தை இறக்கினாள். நான்கு நாள் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நான் படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

டெய்லரம்மா வாசலில் உட்கார்ந்து ஒரு மிஷினின் பாகங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மோட்டார்கள் சைதாப்பேட்டையில் பழுதுபார்க்கப் போயிருந்தன. கல்யாண வீட்டார் வந்து கத்திவிட்டுப் போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவர் எனக்கு ஒரு முக்காலியை நகர்த்தினார். நான் உட்காரவில்லை. நீங்கள் படிவம் கொடுத்தீர்கள், நான்தான் விட்டுவிட்டேன், படத்தில் உங்கள் வீடு இல்லவே இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும். நீங்க சொன்னீங்கன்னு கண்ணாடி எடுத்தாந்து, போட்டுக்கினுதான் சார் பாத்தேன். ரெண்டு தபா பாத்தேன். இல்ல."

அப்போதே என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே என்றேன். குற்றத்தில் ஒரு துளியாவது அவர் பக்கம் தள்ளப் பார்த்திருக்கிறேன், அந்த நேரத்திலும்.

"நீங்க கீதுன்னு சொன்னீங்களே சார். காலேஜ்ல சொல்லிக் குடுக்கறவரு. எனுக்குத்தான் பாக்கத் தெரியலன்னு நெனச்சிக்கினேன். எப்டியும் போன் வரும்னு தைரியமாத்தான் அன்னிக்கு தி.நகர் போனேன். இல்லாங்காட்டி மழ நாள்ல நான் வீட்ட உட்டு நவுர மாட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் நின்றிருப்பேன். முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கையிலிருந்த படிவத்தைப் பார்த்து, அது இன்னா என்று கேட்டார். கொடுத்தேன். தன் எழுத்தைத் தானே படித்தார். யாருக்கு என்ன ஆனாலும் என்னைக் கூப்பிடலாம் என்ற வரியில் எண்ணெய் விரலை வைத்து, இதை எங்கே போட்டீர்கள் என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதைப் போட என்னிடம் இடம் இருக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது. எங்கேயும் போடவில்லை என்றேன். ஓ என்றார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மேலே போகும் வழியில் படத்தைக் கிழித்தேன். செயலாளரிடம் போய்க் குறிப்பேட்டைத் திருத்தச் சொன்னேன். எழுதினது எழுதினதுதான் சார், இப்போது எதற்கு என்றார். நான் விடவில்லை. கடைசியில் அடுத்த கூட்டத்துக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்: தரைத்தள வீட்டின் பெயர் தட்டச்சுப் பிழையால் விடுபட்டது. அது தட்டச்சுப் பிழை அல்ல. தட்டச்சுப் பிழை யாருக்கும் வரலாம். இருந்தாலும் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன், ஏனென்றால் அது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

தை பிறந்ததும் அவர் வீட்டைக் காலி செய்தார். கே.கே. நகரில் ஒரு மாடி வீடு கிடைத்திருக்கிறது, இனிமேல் தரையில் குடியிருக்கப் போவதில்லை என்று மனைவியிடம் சொன்னாராம். சாமான் ஏற்றிய வண்டி போகும்போது நான் கல்லூரியில் இருந்தேன். வகுப்பு இல்லாத நேரம்தான். மனைவி மட்டும் இன்னும் ரவிக்கை தைக்க அங்கே போய் வருகிறாள். நான் வண்டியிலேயே கீழே உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் மறுபடி மழை. இந்தத் தடவை படம் இல்லை, பட்டியல் இல்லை, வாட்ஸப் குழுதான். காலை பதினொரு மணிக்கு, குழுவில் எந்தச் செய்தியும் வருவதற்கு முன்பே, என் போன் அடித்தது. டெய்லரம்மாவின் பெயரைத் திரையில் பார்த்ததும் மனைவிக்குத்தான் இருக்கும் என்று எழுந்தேன். இல்லை, என்னிடம்தான் பேச வேண்டும் என்றார்.

"சார், ஏரி தொறக்கறாங்களாம், எங்க தெருல பேசிக்கினாங்க. காரை எடுத்துடுங்க."

சரிம்மா என்றேன். ரொம்ப நன்றி என்றும் சொன்னேன், இந்தத் தடவை சொன்னேன். வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்தக் கீழ் வீட்ல இப்ப யாரு சார் கீறாங்க? அவுங்களுக்குச் சொல்லியாச்சா?"

யாரோ ஒரு இளம் ஜோடி குடிவந்து மூன்று மாதமாகிறது, கைக்குழந்தை ஒன்று அழும் சத்தம் கேட்கும். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. குழுவில் அவர்கள் எண் இருக்கிறதா என்றும் தெரியாது. தெரியவில்லை என்றுதான் அவரிடம் சொல்ல முடிந்தது.

"போய்க் கதவைத் தட்டுங்க சார்" என்றார்.

செருப்புக்கூடப் போடாமல் மூன்று மாடியும் இறங்கினேன். தட்டினேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் பலமாகத் தட்டினேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கதவைத் திறந்து, யார் நீங்கள் என்று கேட்டாள். மூன்று மாதமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம், அவள் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.